ரம் பாட்டில் தேசபக்தி

பட்டாளத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவரைக் கண்டால் நம் ஆட்கள் கேட்பது இரண்டே கேள்விதான். முதல் கேள்வி: 'சண்டைக்குப் போயிருக்கீங்களா சார்?' இரண்டாவது, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி: 'கேன்டீன்ல ஒரு பாட்டில் கிடைக்குமா?'

முதல் கேள்விக்கு 'இல்லை' என்று சொன்னால் அவர் மீதிருந்த மரியாதையில் பாதி போய்விடும். இரண்டாவதற்கும் 'இல்லை' என்றால் மிச்சமும் போய்விடும்.

விமானப்படைக்காரராக இருந்தால் கூடுதலாக ஒரு கேள்வி உண்டு. 'பிளேன் ஓட்டினீங்களா?' விமானப்படை என்றால் அதில் இருக்கிற அத்தனை பேரும் பைலட் என்று நமக்கு நினைப்பு. பஸ் டெப்போவில் வேலை பார்க்கிற எல்லோரும் டிரைவர் என்று நினைப்பது மாதிரி. உண்மையில் விமானப்படையில் பத்துக்கு ஒன்பது பேர் 'ஏர்மேன்'கள். இன்ஜினைப் பிரித்து மாட்டுகிறவர், ரேடார் திரை முன்னால் ராத்திரி முழுக்கக் கண் விழிப்பவர், எரிபொருள் நிரப்புகிறவர், வானிலைக் குறிப்பு எழுதுகிறவர், லாரி ஓட்டுகிறவர், சம்பளக் கணக்கு போடுகிறவர், சமைக்கிறவர். பெல்காமில் 'லெஃப்ட் ரைட்' பழகி, தாம்பரத்திலோ பெங்களூர் ஜாலஹள்ளியிலோ தொழில் கற்று, கார்ப்பரல், சார்ஜென்ட், வாரன்ட் ஆபீசர் என்று ஒவ்வொரு படியாக ஏறியவர்கள். பைலட் ஆகாயத்தில் இருக்கும் ஒரு மணி நேரத்துக்காகத் தரையில் பல மணி நேரம் கிரீஸ் கையோடு நின்றவர்கள்.

இவர்களில் நாலு பேர் ஒரு கல்யாண வீட்டில் சந்தித்து, பந்தி முடிந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் என்ன பேசுகிறார்கள் என்று கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். சண்டை பற்றிப் பேச மாட்டார்கள். 'கேம்ப்' பற்றித்தான் பேசுவார்கள். அதுவும் டெல்லி, ஆக்ரா மாதிரிப் பெரிய தளங்களைப் பற்றி அல்ல. அங்கெல்லாம் பக்கத்து பிளாக்கில் இருப்பவர் பெயர்கூடத் தெரியாது. ராஜஸ்தானில் உத்தர்லாய், கட்ச்சில் நாலியா, அசாமில் கும்பீர்கிராம், கடலுக்கு நடுவே கார் நிகோபார் என்று தேசப்படத்தின் ஓரங்களில் இருக்கும் சின்னச் சின்ன முகாம்கள். அந்தப் பெயர்களைச் சொல்லும்போதே இவர்கள் முகம் மாறும்.

பையன் எங்கே இருக்கிறான் என்று அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. என்ற ஒரு நம்பர். ஊர்ப் பெயரே இல்லாத அந்த முகவரிக்குத்தான் கடிதமும் போகும், பொட்டலத்தில் கட்டிய முறுக்கும் போகும். குவார்ட்டர்ஸ் சீனியாரிட்டி பட்டியலில் பெயர் மேலே வருகிற வரைக்கும் மனைவி மாமியார் வீட்டில், இவர் பில்லட்டில் இரும்புக் கட்டிலில். குடும்பம் வந்து சேர்ந்த பிறகு, ராஜஸ்தான் குளிரில் புளிக்க மறுக்கும் தோசை மாவைக் கம்பளி போர்த்தித் தூங்கவைக்க வேண்டும். நாலு தமிழ்க் குடும்பத்துக்கு ஒரு கிரைண்டர். இந்தப் பத்திரிகை மாதிரி ஒரு வார இதழ் மூன்று வாரம் தாமதமாக வந்து, அட்டை கிழிகிற வரை கை மாறும். கார் நிகோபாரில் இருந்தவர்களைக் கேட்டால், 'கூரியர் வருமா?' என்பதுதான் அன்றாடத் தலைப்புச் செய்தி என்பார்கள். கூரியர் என்றால் கடிதம், காய்கறி, லீவு முடிந்து திரும்புகிறவர்கள், மாற்றலாகிப் போகிறவர்கள் என்று எல்லாவற்றையும் சுமந்து வரும் படை விமானம்.

எல்லாம் இனிப்பான நினைவுகள் என்று நினைத்துவிடாதீர்கள். சின்ன முகாமில் கமாண்டிங் ஆபீசரின் மூடுதான் வானிலை. அதிகாரிகளுக்கு ஒரு மெஸ், ஏர்மேன்களுக்கு ஒரு மெஸ் என்பதோடு பிரிவினை நிற்காது. அதிகாரியின் மனைவிக்கு ஏர்மேனின் மனைவி எழுந்து நிற்க வேண்டியிருந்த கதைகளும் வரும். அப்பா இறந்த தந்தி வந்து, லீவு சாங்ஷன் ஆகி, கூரியருக்குக் காத்திருந்து, ரயில் பிடித்து ஊர் சேர்வதற்குள் பதினாறாம் நாள் காரியமே முடிந்துபோயிருக்கும். இதைச் சொல்லும்போது மட்டும் நாலு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள்.

இதைக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை. 'ஆரம்பிச்சுட்டாருப்பா மிலிட்டரிக்காரர்' என்று பேரன்கூட எழுந்து போய்விடுகிறான். கிழவர்கள் பழங்கதை பேசுகிறார்கள், அதனால் என்ன என்று நீங்களும் நினைக்கலாம். அதனால் நிறைய இருக்கிறது. பட்டாளத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் சினிமாவும் டி.வி.யும் சொல்லிக் கொடுத்தது. அவர்கள் எதைச் சொல்கிறார்கள், எதை விடுகிறார்கள் என்று பார்ப்போம்.

கட்ச்சில் இருக்கும் பூஜ் விமானதளம். 1971 டிசம்பர் போரில் பாகிஸ்தான் விமானங்கள் குண்டு வீசி அதன் ஓடுபாதையை உடைத்தன. பக்கத்து மாதாப்பர் கிராமத்துப் பெண்கள் சுமார் 300 பேர் மூன்றே நாளில் அதைச் செப்பனிட்டுக் கொடுத்தார்கள். மெய்சிலிர்க்கும் கதைதான். 2021-ல் அஜய் தேவ்கனை வைத்து இந்தியில் படமே வந்துவிட்டது. அதே பூஜில், 2001 ஜனவரி 26-ம் தேதி குடியரசு தினக் காலையில் பூமி குலுங்கியது. விமானப்படைக் குடியிருப்புகள் இடிந்து, ஊழியர்களும் அவர்கள் மனைவி மக்களுமாகப் பலர் செத்தார்கள். இடிபாடு நீங்காத அந்தத் தளத்தில்தான் ஊருக்கான நிவாரண விமானங்கள் வந்து இறங்கின. படத்தில் அதற்கு இடமில்லை. பூகம்பத்துக்கு எதிரி நாடு கிடையாதே!

கார் நிகோபார். சென்னையிலிருந்து 1,400 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தில், தட்டையான ஒரு சின்னத் தீவு. விமானதளமும் குடியிருப்பும் கடலை ஒட்டி இருந்தன. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. லீவு நாள் என்பதால் குடும்பத்தோடு குவார்ட்டர்ஸில் இருந்த நேரம். சுனாமியில் விமானப்படையினரும் குடும்பத்தினருமாக நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். ஓடுபாதையில் மிஞ்சிய பகுதியில்தான் மீட்பு விமானங்கள் இறங்கின. நாகப்பட்டினத்துக்காகவும் கடலூருக்காகவும் அழுத தமிழ்நாட்டில், இந்த நூறு சொச்சம் பேரை எத்தனை பேர் நினைத்துப் பார்த்தோம்?

2016 ஜூலை 22. தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏ.என்.-32 விமானம் 29 பேரோடு வங்கக் கடலுக்கு மேல் காணாமல் போனது. மேலே சொன்னேனே, அதே கூரியர்தான். போர்க்களம் போன விமானம் இல்லை. டியூட்டிக்குத் திரும்புகிறவர்களை ஏற்றிப் போன விமானம். ஏழரை வருஷம் அந்தக் குடும்பங்களுக்கு ஒரு தடயமும் கிடைக்கவில்லை. 2024 ஜனவரியில்தான் சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தள்ளி, 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் கேமராவில் சிக்கின. அன்றைய செய்தி அடுத்த நாளே பழசாகிவிட்டது.

இன்னும் ஒன்று. 2019 பிப்ரவரி 27 என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? அபிநந்தன். அவர் மீசை. சலூனில் அந்த மீசை வைத்துக்கொள்ளப் பையன்கள் வரிசையில் நின்றார்கள். அவர் தைரியத்தைக் குறை சொல்ல எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. ஆனால் அதே நாள் காலை ஸ்ரீநகருக்குப் பக்கத்தில் பட்காமில் ஒரு எம்.ஐ.-17 ஹெலிகாப்டர் விழுந்து, விமானப்படையினர் 6 பேரும் தரையில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். வீழ்த்தியது பாகிஸ்தான் அல்ல, நம்முடைய ஏவுகணை. அது எங்கள் தவறுதான் என்று அந்த வருஷம் அக்டோபரில் விமானப்படைத் தளபதியே ஒப்புக்கொண்டார். அந்த 6 பேரில் ஒருவர் பெயராவது உங்களுக்குத் தெரியுமா? மீசை தெரிந்த அளவுக்கு மனிதர்கள் தெரியவில்லை.

ஆக, நம் தேசபக்திக்கு எதிரி வேண்டும், வெடி வேண்டும், பின்னணி இசை வேண்டும். பூகம்பத்தில் செத்தவரும், கூரியரில் போனவரும், இருபது வருஷம் இன்ஜினுக்கு ஸ்பேனர் பிடித்துவிட்டு உயிரோடு திரும்பியவரும் அந்தக் கணக்கில் சேர மாட்டார்கள்.

இதன் விளைவு என்ன தெரியுமா? பட்டாள வேலை என்றால் என்ன என்றே தெரியாத ஒரு ஜனக்கூட்டத்திடம், பட்டாளத்தின் பெயரைச் சொல்லி எதை வேண்டுமானாலும் விற்றுவிடலாம். 2022 ஜூன் 14-ம் தேதி அதுதான் நடந்தது. அக்னிபாத் திட்டம்.

அன்று அறிவித்த விதிகளைப் பாருங்கள். நாலு வருஷம் வேலை. அதில் அதிகபட்சம் 25 சதவிகிதம் பேர் நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள். மற்றவர்களுக்கு 'சேவா நிதி' என்று சுமார் 11.71 லட்சம் ரூபாய். வட்டி நீங்கலாக, அதில் பாதி அவர்கள் சம்பளத்திலேயே மாதாமாதம் பிடித்த பணம். பென்ஷன் கிடையாது. கிராஜுவிட்டி கிடையாது. ஓய்வுக்குப் பிந்தைய மருத்துவ வசதி கிடையாது. கேன்டீன் கிடையாது. 'முன்னாள் படைவீரர்' என்ற அந்தஸ்தே கிடையாது. நாம் வாஞ்சையோடு கேட்கும் அந்த ரம் பாட்டில்கூட இனி இவர்களிடம் கிடைக்காது!

பீகாரில் பையன்கள் ரயிலைக் கொளுத்தினார்கள். அது தப்பு. ஆனால் ஏன் கொளுத்தினார்கள் என்று நாம் கேட்டோமா? 'தேசத்துக்குச் சேவை செய்ய வருகிறவன் பென்ஷன் கேட்கலாமா?' என்று நம்மூர் டீக்கடையில்கூட நியாயம் பேசினார்கள். தன் வேலையில் ஒரு இன்கிரிமென்ட் தள்ளிப்போனால் கொடி பிடிப்பவர்களும் இதைச் சொன்னார்கள்.

அரசுத் தரப்பு வாதத்தையும் பார்த்துவிடலாம். பென்ஷன் சுமை என்பது பொய்யில்லை. 2022-23 பட்ஜெட்டில் பாதுகாப்புத் துறைக்கு 5.25 லட்சம் கோடி ஒதுக்கினார்கள், அதில் 1.19 லட்சம் கோடி பென்ஷனுக்கே. பெரிய தொகைதான். ஆனால் அந்தக் கணக்கில் பாதுகாப்புத் துறையின் சிவிலியன் ஊழியர்களின் பென்ஷனும் சேர்ந்தே இருக்கிறது. சுமையைக் குறைப்பதென்றால் ஏன் அடிமட்டச் சிப்பாயிடமும் ஏர்மேனிடமும் மட்டும் ஆரம்பிக்க வேண்டும்? அதிகாரிகளை எடுக்கும் பழைய முறையில் அக்னிபாத் கை வைக்கவில்லையே!

படையின் சராசரி வயது 4, 5 வருஷம் குறையும், இளமையாகும் என்பது இன்னொரு வாதம். இளமை நல்லதுதான். ஆனால் இந்தக் கேள்விக்குத்தான் கல்யாண வீட்டு நாலு பேரிடம் பதில் இருக்கிறது. சின்ன முகாமில் மாற்று ஆள் கிடையாது. புயல் ராத்திரியில் ஜெனரேட்டர் நின்றுபோனால், ஓடுபாதை விளக்கு எரியாவிட்டால், இன்ஜினில் ஒரு சத்தம் புதிதாகக் கேட்டால், யாரைக் கூப்பிடுவார்கள்? பத்து, பதினைந்து வருஷம் அதே இயந்திரத்தோடு குடித்தனம் நடத்திய சார்ஜென்ட்டைத்தான். சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்கிற காது, சேர்ந்த மறுநாளே முளைப்பதில்லை. தொழில் கைக்கு வரும் நேரத்தில் நாலில் மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பினால், அந்தக் காது எத்தனை பேருக்கு மிஞ்சும்?

அதைவிட முக்கியம், மனசு. குவார்ட்டர்ஸுக்கு ஐந்து வருஷம் காத்திருந்தவருக்கு அந்த முகாம் இன்னொரு ஊர். பூஜிலும் கார் நிகோபாரிலும் எல்லாம் போன பிறகும் தளம் மறுபடி எழுந்தது என்றால், அந்த மண்ணில் வாழ்ந்து பழகிய ஆட்கள் இருந்ததால்தான். நாலு வருஷத்தில் நாம் நீடிப்போமா, கழற்றிவிடப்படுவோமா என்று பக்கத்துக் கட்டில்காரனோடு போட்டி போடும் பையனிடம் அந்தப் பிடிப்பை எப்படி எதிர்பார்ப்பது? 

2022 கடைசியில் விமானப்படையில் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் அணிக்கு 2026 கடைசியில் நாலு வருஷம் முடிகிறது. மத்திய ஆயுதப் போலீஸ் படைகளில் 10 சதவிகித ஒதுக்கீடு என்று 2022-ல் அறிவித்தார்கள். மீதிப் பேர்? சட்டைப் பையில் வேறு கம்பெனியின் பெயர் தைத்த இன்னொரு யூனிஃபார்மில், ஏ.டி.எம். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார வேண்டியதுதானா? அதுவாவது நாற்பது வயதில் பென்ஷனோடு உட்காருகிற ஆளுக்குப் பகுதிநேரப் பிழைப்பு. இருபத்தைந்து வயதுப் பையனுக்கு?

நான் கேட்பது இரண்டு. ஒன்று, யூனிஃபார்ம் போட்டு நாலு வருஷம் நின்றவனுக்கும் 'முன்னாள் படைவீரர்' என்ற பெயரையும், வைத்தியத்துக்கு ஒரு வழியையும் கொடுங்கள். கையெழுத்து போட்டால் நடக்கிற காரியம் இது. எம்.பி.க்கள் பேச வேண்டும். பேச வைக்க வேண்டியது நாம்.

இரண்டு, பழைய ஆட்கள் இருக்கும்போதே அவர்கள் பேச்சைப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் மாவட்டத்துக்கு மாவட்டம் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. கொடிநாள் உண்டியல் குலுக்குவதோடு நிற்காமல், பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் கையில் ஒரு ரெக்கார்டரைக் கொடுத்து அனுப்பலாம். தளபதிகளும் ஏர் மார்ஷல்களும் ஆங்கிலத்தில் சுயசரிதை எழுதிக்கொள்வார்கள். உத்தர்லாயில் மணல் புயலுக்கு நடுவே விளக்கு ஏற்றிய கார்ப்பரலின் கதையைத் தமிழில் யார் எழுதுவார்கள்? 1971-ல் இருபது வயதாக இருந்தவர்களுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. அவசரம்.

உங்கள் தெருவிலும் ஒரு ரிட்டயர்டு சார்ஜென்ட் இருப்பார். 'சண்டைக்குப் போனீங்களா?' என்று கேட்காதீர்கள். 'கேம்ப்ல என்ன வேலை சார் பார்த்தீங்க?' என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். ஒரு மணி நேரம் ஆகும். ஆகட்டும்.