ஷான் மக்களுக்கு ஒரு காணிக்கை உறை

டிஸ்கி முதல்லயே: நான் எந்தச் சபையிலும் உறுப்பினர் இல்லை. மதமாற்றக் கும்மி அடிக்க வர்றவங்க கடைசி வரைக்கும் படிச்சுட்டு ஆரம்பிங்க :-)

எங்க நொச்சிக்குப்பத்துல ஜெபக்கூட்டத்துக்குப் போற ஒரு அக்கா, போன வாரம் காணிக்கை உறை ஒண்ணு காட்டினாங்க. பர்மாவுல ஷான் மக்கள் நடுவுல ஊழியத்துக்காம். பக்கத்துல வலை சரி பண்ணிக்கிட்டிருந்த அண்ணன் சும்மா இருப்பாரா? "இங்க வீடு ஒழுகுது, பர்மாவுக்குப் பணமா?"ன்னுட்டார்.

நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியுது. ஆனா எனக்கு ஒப்புதல் இல்லை. வசதி வந்தப்புறம்தான் அடுத்தவனுக்குக் கொடுக்கணும்னா இந்த உலகத்துல யாரும் கொடுத்திருக்க மாட்டாங்க. மிசோரம் பெண்கள் 1910-லேருந்து ஒவ்வொரு வேளை சமைக்கும்போதும் ஒரு பிடி அரிசியை எடுத்து வச்சு, அதைச் சேர்த்து வித்துத்தான் சபையை நடத்தினாங்க, வெளியே மிஷனரிகளையும் அனுப்பினாங்க. பணக்காரங்களா அவங்க?

நம்ம ஊர்லயும் நடந்திருக்கு. 1903-ல திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் இந்திய மிஷனரி சங்கத்தை ஆரம்பிச்சாங்க. வெள்ளைக்காரன் பணம் வேண்டாம், நம்ம ஆள், நம்ம காசு, நம்ம நிர்வாகம்னு கொள்கை. அனுப்பினது நிஜாம் ராஜ்யத்துல இருந்த தோர்ணக்கல் பக்கம். முன்னால நின்னவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா, வெள்ளாளன்விளைக்காரர். 1909-ல அவரே அங்க குடிபோனார். தமிழரான அவர் தெலுங்கு கத்துக்கிட்டு, 1912-ல பிஷப் ஆகி (ஆங்கிலிக்கன் சபையில முதல் இந்திய பிஷப்), 1945-ல சாகிற வரைக்கும் அங்கதான். அவர் கட்டின தோர்ணக்கல் பேராலயத்தைப் படத்துல பாருங்க, கோயில் தூணும் மசூதி கும்மட்டமும் சேர்ந்து நிக்கும். 1939-ல திறந்தது.

அங்க கூட்டம் கூட்டமா சேர்ந்தவங்க பெரும்பாலும் மாலா, மாதிகா ஜனங்க. 1930-கள்ல காந்தி இந்த மாதிரி மதமாற்றங்களைக் கடுமையா விமர்சிச்சார். அந்த ஜனங்களுக்குச் சொந்தமா முடிவெடுக்கத் தெரியும்ங்கிறது அசரியா கட்சி. நான் அசரியா பக்கம். (ஆட்டோ அனுப்பாதீங்க.)

ஆக, தூர தேசத்துக்குப் போறது தப்பில்லை. எப்படிப் போறாங்கங்கிறதுதான் விஷயம். இதை எங்க குப்பத்தை விட நல்லா தெரிஞ்சவங்க யாரு? 2004 டிசம்பர் 26-க்கு அப்புறம் லாரி லாரியா வந்தாங்க. ஒரு குழு, பேர் வேண்டாம், அரிசி மூட்டை மேலயே துண்டுப் பிரசுரத்தை வச்சுக் கொடுத்துட்டு, போட்டோ எடுத்துக்கிட்டுப் போனது. போனதுதான். வேற சிலர், மதக்காரங்களும் உண்டு மதம் இல்லாதவங்களும் உண்டு, வருஷக்கணக்கா வந்து மணல்ல உக்காந்து தெண்டி எது வன்னி எதுன்னு (கடல் நீரோட்டம்தாங்க) கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாங்க. ரெண்டாவது வகையைத்தான் இன்னைக்கும் பேர் சொல்லி விசாரிக்கிறாங்க இங்க.

ஷான் மக்கள்கிட்டயும் இதே கதைதான். தங்களைத் 'தாய்'னு சொல்லிக்கிறவங்க, தாய்லாந்து மொழிக்குச் சொந்தமான மொழி, பெரும்பாலும் தேரவாத பௌத்தர்கள். அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி குஷிங் 1881-ல ஷான் - ஆங்கில அகராதி போட்டார், அப்புறம் முழு பைபிளையும் ஷான்ல கொண்டுவந்தார். ஆயுசுல பாதி அதுக்கே போச்சு. ஷான் மக்கள் மொத்தமா மதம் மாறினாங்களா? இல்லை. ஆனா அந்த அகராதியைப் பின்னால வந்த ஆராய்ச்சிக்காரங்களும் புரட்டினாங்க. உறை மேல போடுற ஆத்தும எண்ணிக்கையை விட எனக்கு இது பெருசு.

1966-ல பர்மா அரசு வெளிநாட்டு மிஷனரிகளை வெளியேத்திடுச்சு. அதுக்கப்புறம் அங்க சபைகளை நடத்தினது பெரும்பாலும் உள்ளூர்க்காரங்கதான். 2021 ராணுவ ஆட்சிக் கவிழ்ப்புக்கு அப்புறம் ஷான் மாநிலத்துல சண்டை, ஜனங்க ஊரை விட்டு ஓட்டம். இப்ப நம்ம ஊர்லேருந்து பத்து நாள் டூர் போய் மேடை போட்டுப் பிரசங்கம் பண்ணிட்டு வர்றதுக்கு உறை ஓடுதுன்னா, வலைக்கார அண்ணன் கட்சிக்கு நானும் தாவிடுவேன். அங்கேயே இருக்கிற ஷான் சபைக்காரங்க கையில பணம் போய்ச் சேர்ந்து, அது அரிசிக்கா, பள்ளிக்கூடத்துக்கா, வேத புஸ்தகத்துக்கான்னு அவங்களே முடிவு பண்ணினா, அம்பது ரூபா என் பேர்லயும் எழுதிக்கலாம்.