எங்கள் பிள்ளைகள் மாடுகளா?

"அடியாத மாடு படியாது." சாதாரண தரப் பரீட்சை முடிவு வரும் காலமெல்லாம் தலவாக்கலைத் தோட்டங்களில் இந்தப் பேச்சு எழும்புகிறது. பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் சொல்வார், கொழுந்து மடுவத்தில் இன்னொருவர் சொல்வார். "கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிருங்க சேர்" என்று சொல்லியே பிள்ளையை ஆசிரியரிடம் ஒப்படைக்கும் தகப்பன்மாரும் இருக்கிறார்கள். பிள்ளை பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டால் "தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது" என்று தீர்ப்பும் சொல்லியாகிவிடுகிறது.

தோழர்களே, இந்தத் தீர்ப்பை நாங்கள் ஏற்கவில்லை. எங்கள் பிள்ளைகளின் தலையில் குறை இல்லை. அவர்களுக்காகக் கட்டப்பட்ட பாடசாலையில்தான் குறை இருந்தது. அந்தப் பிரம்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவர் அதைத் திரும்பத் தூக்கிக் கொடுக்க மாட்டார்.

1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், 6 வயது முதல் 10 வயது வரையான தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கற்பிக்கும் பொறுப்பைத் தோட்டத் துரையிடம் கொடுத்தது. ஏன் 10 வயதோடு நிறுத்தினார்கள்? 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளக் கட்டளைச் சட்டத்தைப் பாருங்கள். 10 வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு எடுக்கக்கூடாது என்றது அது. அதாவது 10 வயதானால் எடுக்கலாம். அதன்கீழ் மலைநாட்டுக்கு நிர்ணயித்த நாட்சம்பளம் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். பாடசாலை எந்த வயதில் முடிந்ததோ அந்த வயதில் செக்ரோலில் பெயர் ஏறியது. கையெழுத்துப் போடவும் கணக்கப்பிள்ளை சொல்வதைக் கேட்கவும் தெரிந்தால் போதும் என்பதே துரையின் பாடத்திட்டம்.

பாடசாலை என்ற பெயரில் இருந்தது லயத்துத் திண்ணை, அல்லது ஒரு தகரக் கொட்டகை. ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்பு. அவருக்குச் சம்பளம் கொடுத்ததும் தோட்டம்தான். அத்தனை பிள்ளைகளையும் ஒரே அறையில் அடக்கி வைக்க அவரிடம் இருந்தது பிரம்பு ஒன்றே. பிரட்டுக் களத்தில் கங்காணியின் கம்பு, வகுப்பில் வாத்தியாரின் பிரம்பு. இரண்டும் சொல்லிக் கொடுத்த பாடம் ஒன்றுதான்: வாயைத் திறக்காதே.

1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகள் வெளியே நின்றன. 1947இல் தலவாக்கலைத் தொகுதி, தோட்டத்தில் பிறந்து ஆசிரியராக இருந்த சி.வி. வேலுப்பிள்ளையைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, அதன் பின்னால் வாக்கும் போனது. வாக்கு இல்லாதவன் பிள்ளைக்குப் பாடசாலை கட்ட எவன் வருவான்? 1960இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் எங்கள் பாடசாலைகளைத் தொடவில்லை. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான காலத்தில்தான் அவை அரசின் கைக்கு வரத் தொடங்கின. மற்றப் பிள்ளைகளை விட ஒரு தலைமுறை பின்னால் ஓடத் தொடங்கியவர்களைப் பார்த்துத்தான் "ஓடத் தெரியாதவர்கள்" என்கிறார்கள்.

இதெல்லாம் பழைய கதை என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். அடி ஆறிவிடும், அடி சொல்லிக் கொடுத்த பாடம் ஆறாது. கேள்வி கேட்டால் அடி விழும் என்று ஏழு வயதில் படித்தவர், நாற்பது வயதில் தராசில் கழிக்கப்படும் கிலோவைப் பற்றி வாய் திறப்பாரா? காரியாலய வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தலை குனிந்து நிற்பவருக்கு அந்தக் குனிவை யார் பழக்கியது? பெற்றோர் கூட்டத்துக்கு வரச் சொன்னால் "எனக்கு என்ன தெரியும்" என்று ஒதுங்கும் தாய், பாடசாலையை இன்னமும் அடி வாங்கிய இடமாகத்தான் நினைக்கிறாள். அவள் ஒதுங்கினால் அவள் பிள்ளைக்காகப் பேச ஆள் இல்லை. பிரம்பு இப்படித்தான் அடுத்த தலைமுறைக்குக் கை மாறுகிறது.

பிரம்புக்கு முன்பே பிள்ளையின் முதுகில் சுமை இருக்கிறது. விடியற்காலையில் தாய் மலைக்குப் போய்விடுகிறாள், அல்லது வெளிநாட்டில் வீட்டு வேலையில் இருக்கிறாள். பத்தடி லயக் காம்பராவில் சாராயச் சண்டை. வெறும் வயிற்றோடு மழையில் நடந்து வந்து, வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று அடி வாங்குகிறது பிள்ளை. 1998இல் அமெரிக்காவில் 17,000க்கும் மேற்பட்டவர்களிடம் செய்த ஆய்வு ஒன்று வெளிவரத் தொடங்கியது. சிறுவயதில் அடி, அவமானம், வீட்டு வன்முறை போன்ற துன்பங்களை அதிகம் பட்டவர்களிடம், வளர்ந்தபின் குடிப் பழக்கமும் மனச்சோர்வும் இருதய நோயும் கூடுதலாக இருந்ததை அது காட்டியது. "தோட்டத்தான் குடிகாரன்" என்று ஏளனம் செய்பவர்கள் அந்தக் குடியின் கதையை எங்கே தொடங்குவது என்று யோசிக்கட்டும்.

கனடாவில் பூர்வகுடிகளின் 150,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தாய்தகப்பனிடமிருந்து பிரித்து விடுதிப் பாடசாலைகளில் அடைத்தார்கள். தாய்மொழி பேசினால் அடி. 2008இல் அந்நாட்டுப் பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். பாடசாலைகள் மூடிய பிறகும் காயம் பேரப்பிள்ளைகள் வரை தொடர்வதை 2015இல் உண்மை, நல்லிணக்க ஆணைக்குழு எழுதி வைத்தது. அங்கே பாடசாலை பிள்ளையைச் சமூகத்திலிருந்து பிரித்தது. இங்கே பாடசாலை பிள்ளையை லயத்துக்குள்ளேயே கட்டிப் போட்டது. வழி வேறு, கணக்கு ஒன்று. ஆனால் எங்களிடம் இதுவரை எந்தத் துரையும் எந்த அரசும் அந்தப் பாடசாலைகளுக்காக மன்னிப்புக் கேட்டதாக நாங்கள் அறியோம்.

பாடசாலையில் அடிக்கக் கூடாது என்று கல்வி அமைச்சின் 2005/17 சுற்றறிக்கை சொல்லிவிட்டது. ஆசிரியர் அறைந்ததால் ஒரு மாணவனின் செவிப்புலன் பாதிக்கப்பட்ட வழக்கில், அது அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறிய செயல் என்று 2021இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து நட்டஈடும் கொடுக்கச் சொன்னது. கொழும்பில் செல்லுபடியாகும் சட்டம் தலவாக்கலையில் மட்டும் செல்லாதா?

ஆசிரியர்களோடு எங்களுக்குப் பகை இல்லை. அவர்களில் எத்தனையோ பேர் எங்கள் லயத்துப் பிள்ளைகள். மாதம் 6,000 ரூபா கொடுப்பனவில் உதவி ஆசிரியர்களாக வேலை வாங்கப்பட்டவர்களும் அவர்களே. ஆளும் இல்லாமல், இடமும் இல்லாமல் ஒரு வகுப்பை அவர் தலையில் கட்டிவிட்டுச் சம்பளத்திலும் கை வைப்பவர்கள், அவர் கையில் பிரம்பு இருப்பதைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். அது அவர்களுக்கு மலிவான வழி.

ஆகவே எங்கள் கோரிக்கைகள்:

தோட்டப் பாடசாலைகளின் ஆசிரியர் வெற்றிடங்களை நிரந்தர நியமனங்களால் நிரப்ப வேண்டும். பிள்ளையோடு தமிழில் பேசி அதன் துயரத்தைக் கேட்கும் ஆலோசனை ஆசிரியர் எங்கள் பாடசாலைகளுக்கும் வேண்டும்.

பெற்றோர் கூட்டத்துக்குப் போகும் தாய்க்கும் தகப்பனுக்கும் கம்பனி அரை நாள் சம்பளம் வெட்டக் கூடாது.

இடைவிலகிய ஒவ்வொரு பிள்ளையிடமும் ஏன் நின்றாய் என்று கல்வித் திணைக்களம் கேட்டு எழுத வேண்டும். 2021இல் டயகமவிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன 16 வயதுப் பிள்ளை தீக்காயத்தோடு இறந்ததை மறக்க வேண்டாம். படிப்பு நின்ற பிள்ளையை எங்கே கொண்டுபோகத் தரகர்கள் காத்திருக்கிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

தோட்டத் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிகளும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இடம்பிடித்துக் கேள்வி கேளுங்கள். பிள்ளை அடிபட்டால் 1929 என்ற இலக்கத்துக்குச் சொல்லுங்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை பதில் சொல்லியாக வேண்டும்.

பெற்றோரே, அடுத்த முறை பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பாடசாலைக்குப் போகும்போது "தோல உரிச்சிருங்க" என்று சொல்லாதீர்கள். "எம் புள்ளைக்கு வெளங்குற மாதிரி சொல்லிக் குடுங்க சேர், வெளங்கலன்னா அது கேக்கட்டும்" என்று சொல்லுங்கள். கேள்வி கேட்டு வளரும் பிள்ளை, நாளை எந்த வேலைக்குப் போனாலும் தன் கூலியைக் கேட்டு வாங்கும். துரைமார் நூறு வருடமாகப் பயந்தது அந்தப் பிள்ளைக்குத்தான்.