'நோ'ன்னு ஒரு கிளிக்!



உங்க வீட்ல ரயில் டிக்கெட் புக் பண்றது யாரு? பாட்டியோட ஆதார்ல பேர் திருத்துறது யாரு? பாஸ்போர்ட் ஃபார்ம், இ.பி. பில், சித்தப்பா பையனோட கவுன்சலிங் சாய்ஸ்... எல்லாத்துக்கும் ஒரே ஆள்தானே? எங்க வீட்ல அந்த ஆள் நான்தான். 'புள்ள இன்ஜினீயரிங் படிக்குது, கம்ப்யூட்டர் தெரியும்'ங்கிற ஒரே தகுதியில, திருச்சியில இருக்கிற எங்க சொந்தக்காரங்க மொத்தப் பேருக்கும் ஆஸ்தான டைப்பிஸ்ட். சம்பளம்? ரெண்டு பஜ்ஜி, ஒரு காபி.

அப்படி டைப் பண்ணப் போய், பெரியம்மா பொண்ணோட வாழ்க்கையில நான் கை வெச்ச கதைதான் இந்த வாரம். சிரிக்கிற கதை இல்ல. ஆனா நீங்களும் ஒருநாள் அந்த நாற்காலியில உக்காருவீங்க. அதனால சொல்லியே ஆகணும்.

அக்காவுக்குக் கல்யாணம் ஆச்சு. அத்தான் அமெரிக்க சிட்டிசன். மனைவியைக் கூப்பிட்டுக்க அவர் போடவேண்டிய ஐ-130 மனுவை அவரே ஆன்லைன்ல போட்டுட்டார். அப்ரூவலும் வந்துருச்சு. அதுக்கப்புறம் கேஸ் 'நேஷனல் விசா சென்டர்'ங்கிற அலுவலகத்துக்குப் போகும். அங்கே அக்கா தன் பங்குக்கு டிஎஸ்-260ன்னு ஒரு ஃபார்மை நிரப்பணும். பக்கம் பக்கமா கேள்வி. பொறந்த ஊர்ல ஆரம்பிச்சு, படிச்ச காலேஜ், குடியிருந்த அட்ரஸ் வரைக்கும் கேக்கும்.

பெரியப்பா நேரா தெரிஞ்ச ஒரு விசா ஏஜென்ட்கிட்ட போனார். ஏஜென்ட் சொல்லச் சொல்ல, டைப் பண்ணது அடியேன். ஒரு கேள்வி வந்துச்சு: 'உங்களுக்கு எப்போதாவது அமெரிக்க விசா மறுக்கப்பட்டிருக்கிறதா?'

எனக்குக் கை நின்னுருச்சு. ஏன்னா அக்கா பி.இ. முடிச்சதும் எம்.எஸ். பண்றேன்னு ஸ்டூடன்ட் விசாவுக்கு சென்னை அண்ணா சாலை தூதரகத்துக்குப் போயிருக்கா. ரிஜெக்ட். அன்னிக்கு ஜெமினி மேம்பாலத்துக்குக் கீழ நின்னு அழுதவளை ஆட்டோ பிடிச்சுக் கூட்டிட்டு வந்தது எங்க அப்பாதான்.

"சார், அக்காவுக்கு ஒரு தடவை..."ன்னு இழுத்தேன்.

ஏஜென்ட் அலட்டிக்கவே இல்ல. "அதெல்லாம் பழைய கதை தம்பி. போட்டா வீணா சந்தேகம் வரும். நோ போடுங்க. யாரு தோண்டிப் பாக்கப் போறா?"

அக்கா என்னைப் பார்த்தா. நான் ஏஜென்ட்டைப் பார்த்தேன். 'நோ' கிளிக் பண்ணேன். அன்னிக்கே சப்மிட்டும் ஆச்சு.

யாரும் தோண்ட வேண்டியதே இல்ல மக்களே! ஸ்டூடன்ட் விசாவுக்குப் போன அன்னிக்கே பத்து விரல் ரேகையும் வாங்கியாச்சு. அவங்க கம்ப்யூட்டர்ல எல்லாம் பத்திரமா இருக்கு. இது எனக்குத் தோணல. தினமும் டேட்டாபேஸ் லேப் பண்ற எனக்கு!

நாலு நாள் கழிச்சு அக்கா போன்ல இதை அத்தான்கிட்ட சொல்லியிருக்கா. அவர் திட்டல. கொஞ்ச நேரம் பேசவே இல்லையாம். அப்புறம், "இனிமே நாமளா எதுவும் பண்ண வேணாம். ஒரு வக்கீலைப் பாத்துடலாம்"னு சொல்லியிருக்கார்.

அத்தானோட ஆபீஸ் நண்பர் ஒருத்தர் சொன்ன வக்கீல் அம்மா. வீடியோ கால். இந்தப் பக்கம் அக்கா, நான், பின்னாடி பெரியம்மா. ஃபீஸ், ஃபார்ம் எதுவும் பேசல. அவங்க கேட்ட முதல் கேள்வியே, "இதுக்கு முன்னாடி விசா மறுத்திருக்காங்களா?"

அக்கா எல்லாத்தையும் சொல்லிட்டா. வக்கீல் சொன்ன பதிலைத்தான் நான் மறக்கவே மாட்டேன். ஸ்டூடன்ட் விசாவை மறுத்தது 214(பி)ங்கிற பிரிவுல. 'படிச்சு முடிச்சு ஊருக்குத் திரும்பிடுவீங்கன்னு எங்களுக்கு நம்பிக்கை வரல'ங்கிறதுதான் அதோட சாரம். ஆனா இப்போ கேக்கிறது கணவரோட நிரந்தரமா வாழ்றதுக்கான விசா. இதுல திரும்பி வருவீங்களாங்கிற கேள்விக்கே இடமில்ல. 'யெஸ்'னு போட்டிருந்தா ஒரு வரி விளக்கத்தோட முடிஞ்சிருக்கும். 'நோ'ன்னு போட்டதை, வேணும்னே மறைச்ச பொய்னு அதிகாரி முடிவு பண்ணா, அது விசா கேஸையே சாய்க்கலாம். அமெரிக்கச் சட்டத்துல அப்படிப்பட்ட பொய்க்கு வாழ்நாள் தடை வரைக்கும் உண்டு. அதுக்கப்புறம் தனியா மன்னிப்பு மனு போட்டு மன்றாடணும்.

அதாவது... உண்மை ஒண்ணும் பண்ணியிருக்காது. அதை மறைச்சதுதான் வில்லங்கம்!

"ஃபார்மை டைப் பண்ணது யாரு?"ன்னு கேட்டாங்க. பள்ளிக்கூடத்துல கை தூக்கற மாதிரி கை தூக்கினேன்.

சரி, மேட்டருக்கு வருவோம். கல்யாணத்தை வெச்சு குடியேற விண்ணப்பிக்கிற எல்லாருக்கும் வக்கீல் வேணுமா? வேணாம். சட்டம் அப்படிக் கட்டாயப்படுத்தல. ஃபார்ம் எல்லாம் அரசாங்கத் தளத்துல இலவசம். முதல் கல்யாணம், சுத்தமான பேப்பர், போதுமான வருமானம்னா பொறுமையா உக்காந்து நாமளே பண்ணலாம். அத்தான் ஐ-130 போட்டது அப்படித்தான்.

எப்போ வக்கீல் அவசியம்? முன்னாடி விசா மறுப்பு இருந்தா. விசா காலம் முடிஞ்சும் அமெரிக்காவுல தங்கியிருந்தா. போலீஸ் கேஸ் இருந்தா. ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு ஏற்கெனவே கல்யாணமாகி விவாகரத்து ஆகியிருந்தா. அவர் இதுக்கு முன்னாடி வேற யாருக்காவது இதே மனு போட்டிருந்தா. வருமானம் பத்தலன்னா... (ஐ-864ங்கிற உறுதிமொழியில, அங்கே இருக்கிறவர் வருமானம் பொதுவா வறுமைக்கோட்டு அளவுல 125 சதவிகிதமாவது இருக்கணும். இல்லேன்னா இன்னொருத்தர் சேர்ந்து கையெழுத்துப் போடணும்.)

இன்னொண்ணு, 'அமெரிக்க மாப்பிள்ளை'ன்னு ஒரே பேர்தான், உள்ளே மூணு வகை. ஹெச்-1பி விசாவுல வேலை பாக்கிறவர்னா மனைவிக்கு ஹெச்-4. அது தற்காலிக விசா, குடியேற்றம் இல்ல. கிரீன் கார்டு வெச்சிருக்கிறவர்னா ஐ-130 உண்டு. ஆனா எஃப்2ஏங்கிற பிரிவுல வருஷத்துக்கு இத்தனைன்னு எண்ணிக்கை வரம்பு, அதனால க்யூ. சிட்டிசன்னா அந்த வரம்பு கிடையாது. பொண்ணு பாக்க வர்றப்போ சம்பளத்தை விசாரிக்கிற நாம, இதை விசாரிக்கிறதே இல்ல!

இப்போ முக்கியமான விஷயம். வக்கீலை எப்படிப் பிடிக்கிறது? அக்கா கேஸ்ல அடிபட்டுக் கத்துக்கிட்டதை அப்படியே தர்றேன். வெட்டி ஒட்டி வெச்சுக்கங்க.

லைசென்ஸைப் பாருங்க. அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் மத்திய அரசுச் சட்டம். அதனால எந்த மாநில 'பார்'ல பதிவு பண்ண வக்கீலும் எடுத்து நடத்தலாம். வக்கீல் பேரை அந்த மாநில பார் தளத்துல தட்டினா, லைசென்ஸ் உயிரோட இருக்கா, ஒழுங்கு நடவடிக்கை உண்டா எல்லாம் காசில்லாம காட்டும். நான் தேடிப் பாத்தேன், அஞ்சு நிமிஷம்கூட ஆகல. வக்கீல் தவிர, அமெரிக்க நீதித்துறை அங்கீகாரம் தந்த பிரதிநிதிகளும் ஆலோசனை சொல்லலாம். நம்ம ஊர் ஏஜென்ட்? டைப் அடிச்சுத் தரலாம். 'இதைப் போடு, அதை மறை'ன்னு சொல்ல அவருக்கு எந்தத் தகுதியும் இல்ல. நாளைக்குச் சிக்கல்னா அவர் பேர் எந்தப் பேப்பர்லயும் இருக்காது.

ஜி-28 கேளுங்க. 'இந்தக் கேஸ்ல நான்தான் வக்கீல்'னு அரசாங்கத்துக்குக் குடுக்கிற ஃபார்ம் அது. அதுல கையெழுத்துப் போடாம பின்னாடி நின்னு எழுதித் தர்றேன்னு சொன்னா, எந்திரிச்சு வந்துடுங்க.

ஃபீஸை எழுத்துல வாங்குங்க. இந்த மாதிரி கேஸுக்குப் பெரும்பாலும் மொத்தமா ஒரு தொகை பேசுவாங்க. அதுல எதெல்லாம் அடங்கும்? ஐ-130 மட்டுமா, நேர்காணல் வரைக்குமா? கூடுதல் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தா தனிக் காசா? அரசாங்கக் கட்டணம் எப்பவுமே தனி. 2024 ஏப்ரல்ல நிர்ணயிச்சபடி ஐ-130க்கு ஆன்லைன்னா 625 டாலர், பேப்பர்னா 675. அதுக்கப்புறம் விசா விண்ணப்பத்துக்கு 325, ஐ-864 பரிசீலனைக்கு 120. தொகை மாறிக்கிட்டே இருக்கும். கட்டறதுக்கு முந்தின நாள் அரசுத் தளத்துல ஒரு தடவை பாத்துடுங்க.

மொத்தக் கேஸையும் குடுக்கக் காசு இல்லையா? ஒரு மணி நேர ஆலோசனைக்கு மட்டும் காசு கட்டலாம். பெரியப்பா அந்த ஒரு மணி நேரத்தை முதல்லயே வாங்கியிருந்தா இந்தப் பத்தியே வந்திருக்காது.

'கண்டிப்பா கிடைக்கும்'னு சொல்றவரை நம்பாதீங்க. முடிவு எடுக்கிறது அதிகாரி. எங்க வக்கீல் அம்மா கடைசி வரைக்கும் கியாரன்டி தரவே இல்ல. பெரியம்மாவுக்கு அதுல ரொம்ப வருத்தம். எனக்கு அதுலதான் நம்பிக்கை.

கடைசியா, இது தோழிகளுக்கு. காசு கட்டினது கணவரா இருந்தாலும், 'நீங்க எனக்கும் வக்கீலா?'ன்னு நேரா கேட்டுடுங்க. பொதுவா ரெண்டு பேருக்கும் சேர்த்துதான் ஆஜராவாங்க. அப்படின்னா ஒருத்தர் சொன்னதை அடுத்தவர்கிட்ட மறைக்க மாட்டாங்க. கல்யாணமாகி ரெண்டு வருஷம் முடியறதுக்குள்ள அங்கே போய் இறங்கினா, முதல்ல ரெண்டு வருஷ கிரீன் கார்டுதான். அது முடியறதுக்கு முந்தின 90 நாளுக்குள்ள ரெண்டு பேரும் சேர்ந்து ஐ-751 போடணும். ஆனா விவாகரத்து ஆயிட்டாலோ, வீட்டுல அடி, கொடுமைன்னாலோ, மனைவி தனியாவே விலக்கு கேட்டு மனு போட வழி இருக்கு. 'நான் கையெழுத்துப் போடலேன்னா உன்னை ஊருக்கு அனுப்பிடுவாங்க'ன்னு யாராவது மிரட்டினா நம்பாதீங்க. அந்த நேரத்துல உங்களுக்குன்னு தனி வக்கீல் வேணும். எல்லா பேப்பர்லயும் ஒரு காப்பி உங்க மெயில்ல இருக்கட்டும்.

சரி, அக்கா கதை என்ன ஆச்சு?

வக்கீல் எழுதிக் கேட்டு, விசா சென்டர் அந்த ஃபார்மைத் திரும்பத் திறந்து விட்டாங்க. 'நோ' இருந்த இடத்துல 'யெஸ்'. என்னிக்கு, எங்கே, எந்த விசா, எல்லாம் போட்டோம். ஏன் முதல்ல தப்பா போச்சுன்னு அக்கா கைப்பட ஒரு கடிதம். 'ஏஜென்ட் சொன்னார்'னு பழியைத் தூக்கிப் போடலாமான்னு நான் கேட்டேன். "படிச்சுப் பாக்காம ஒத்துக்கிட்டது நான்தானே? அதையே எழுதறேன்"னுட்டா.

நேர்காணல் மும்பையில. கையில கல்யாணப் பத்திரிகை, பதிவுச் சான்றிதழ், பாஸ்போர்ட் ஆபீஸ் தந்த போலீஸ் கிளியரன்ஸ், ஆல்பம். உள்ளே ஜன்னலுக்கு முன்னாடி அவ மட்டும்தான். அதிகாரி அந்தக் கேள்வியைக் கேட்டாராம். இவ நடந்ததை நடந்தபடி சொன்னாளாம். அவர் தலையாட்டிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டாராம். அவ்வளவுதான்!

அந்த 'அவ்வளவுதான்' வர்ற வரைக்கும் எங்க வீட்ல ராத்திரி எத்தனை மணிக்கு எந்திரிச்சாலும் பெரியம்மா முழிச்சிருப்பாங்க. விசா வந்துருச்சு, அக்காவும் கிளம்பிட்டா. ஆனா ஏர்போர்ட்ல என் காதைப் பிடிச்சு அவ சொன்னது இன்னும் வலிக்குது. "டேய், நீ கை நிறுத்தினப்போவே எனக்குத் தெரியும், அது தப்புன்னு. உனக்கும் தெரியும். ரெண்டு பேரும் ஏன்டா வாயைத் திறக்கல?"

பதில் இல்ல ஃப்ரெண்ட்ஸ். பெரியவங்க சொன்னா சரியா இருக்கும்னு நெனச்சேன். அவ்வளவுதான்.

இப்பவும் நான்தான் டைப்பிஸ்ட். போன வாரம்கூட மாமாவுக்கு ஒரு ஃபார்ம். ஆனா இப்போ ஒரு பழக்கம் வந்திருக்கு. ஒவ்வொரு கேள்வியையும் சத்தமா படிச்சுத் தமிழ்ல சொல்றேன். கையெழுத்துப் போடறவங்க வாயால பதில் வந்தாத்தான் கிளிக். தெரியாத கேள்வின்னா 'தெரியல, தெரிஞ்சவங்களைக் கேப்போம்'னு மௌஸை விட்டுடறேன்.

"ரொம்ப லேட் பண்றான்டா இவன்!"னு மாமா கத்தறார். கத்தட்டும். பஜ்ஜி மட்டும் இன்னும் ரெண்டுதான்.

அடுத்த வாரம் பாப்போம். பை!