மேடைக்கு அஞ்சுவோர்

1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தின்வழி புதுவைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது, புதுவை, இலட்சத்தீவு ஆகியவற்றோடு அந்தமான் நிக்கோபார் தீவுகளும் அதன் எல்லைக்குள் வைக்கப்பட்டன. இன்று போர்ட் பிளேரில் அப்பல்கலைக்கழகத்திற்கு ஒரு வளாகம் உண்டு. அங்கே கடல் உயிரியல் உண்டு. கடலோரப் பேரிடர் மேலாண்மை உண்டு. 2004-இல் ஆழிப்பேரலை வாரிச் சென்ற மண்ணில் இவை தேவையில்லை என்று எவரும் கூறார். ஆனால் காலாப்பட்டில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயர் தாங்கி, இந்திரா பார்த்தசாரதியை முதல் இயக்குநராகக் கொண்டு தொடங்கிய நிகழ்த்துகலைப் பள்ளி கடலைக் கடக்கவில்லை. நாடகம் பயில விரும்பும் தீவு மாணவன் மூன்று நாள் கப்பலேறித்தான் அதன் வாயிலை அடைய வேண்டும்.

தீவு மக்களுக்கு வேண்டியது வேலையே அன்றி நாடகமன்று என்பது அதிகாரிகளின் வழக்கமான விடை. அப்படியானால் செல்லுலர் சிறையில் மாலைதோறும் நடைபெறும் ஒலி-ஒளிக் காட்சி எதற்கு? கலைக்கு வலிமை உண்டு என்பதை ஆளும் வர்க்கம் நன்கறியும். அக்கலை தன் கையில் மட்டும் இருக்க வேண்டும் என்பதே அதன் விருப்பம். 1913-இல் கருணை மனு எழுதிய சாவர்க்கரின் பெயர் விமான நிலையத்திற்குச் சூட்டப்பட்டது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரே ‘ஸ்ரீ விஜயபுரம்’ ஆக்கப்பட்டது. பெயர்ப்பலகை எழுதுவதில் காட்டும் இந்த விரைவில் பத்தில் ஒரு பங்கு கல்வியில் காட்டப்பட்டிருக்குமானால்!

அதே சிறையில் 1933-இல் உண்ணாநிலைப் போரில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மொய்த்ரா ஆகியோர் உயிர்நீத்தனர். 1935-இல் அக்கொட்டடிகளுக்குள்ளேயே கம்யூனிஸ்ட் கூட்டிணைவு உருவாயிற்று. தீவுகளின் மக்களுள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினரின் தாய்மொழி தமிழ் என்கிறது 2011 மக்கள்தொகைக் கணக்கு. அவர்களுள் ஒரு பகுதியினர், சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் இலங்கை மலையகத்திலிருந்து பெயர்க்கப்பட்டு, கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் இறக்கிவிடப்பட்டவர்கள். தேயிலைக் காட்டில் ஒரு முறை, கப்பலில் ஒரு முறை, ஆழிப்பேரலையில் ஒரு முறை என மும்முறை வேரறுந்த அம்மக்களின் கதையை எந்த ஒலி-ஒளிக் காட்சி சொல்லப்போகிறது? அதை அவர்களின் பிள்ளைகள்தாம் எழுதி, நடித்து, படம்பிடிக்க வேண்டும். வங்காளக் குடியேறிகளுக்கும் நிக்கோபாரிகளுக்கும் இது பொருந்தும். அதற்கான பயிற்சியைத்தான் தீவுக்குள் வரவிடாமல் வைத்திருக்கிறார்கள்.

சரி, கடல் கடந்து காலாப்பட்டை அடைந்துவிட்ட மாணவனின் நிலை என்ன? 2024 மார்ச் இறுதியில் ‘எழினி’ விழாவில் நிகழ்த்துகலைத் துறை மாணவர்கள் ‘சோமயானம்’ என்னும் நாடகத்தை மேடையேற்றினர். இராமகாதையை வேறொரு கோணத்தில் வாசித்த நாடகம் அது. ஏ.பி.வி.பி. கூச்சலிட்டது. துறைத்தலைவர் பொறுப்பிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார். காவல்துறை வழக்குப் பதிந்தது. வாளாகவோ வெடிகுண்டாகவோ இருந்திருந்தால் காவல்துறைக்கு வேலை உண்டு. இருந்தவையோ ஒப்பனையும் வசனமும்.

மனம் புண்பட்டது என்கிறார்கள். இராமகாதை ஒற்றைக் கதையன்று என்பது தமிழறிந்தோர்க்குப் புதிதா? கம்பர் வான்மீகத்தினின்று விலகிய இடங்களைத் தமிழாசிரியர்கள் தலைமுறை தலைமுறையாக வகுப்பில் பெருமையோடு எடுத்துரைத்து வந்திருக்கிறார்கள். தோற்பாவைக் கூத்தில் அனுமன் பேசும் பேச்சுக்கெல்லாம் வழக்குப் பதிவதானால் புதுவையின் காவல் நிலையங்கள் போதா. புண்பட்டது மனமன்று, கதை சொல்லும் அதிகாரம் தம் கையை விட்டு நழுவுகிறது என்ற அச்சமே. 1989-இல் தெருநாடகம் நடத்திக்கொண்டிருந்த சப்தர் ஹாஷ்மியைக் கொன்றவர்களுக்கும் இவ்வச்சமே இருந்தது.

இவ்விரண்டையும் தோழர்கள் தனித்தனியே காணலாகாது. காலாப்பட்டில் மேடையை மிரட்டுவதும், போர்ட் பிளேரில் மேடையே எழாமற் பார்த்துக்கொள்வதும் ஒரே அரசியலின் இரு கைகள். தீவுகளுக்கெனத் தனி மத்தியப் பல்கலைக்கழகம் கேட்டு எழும் குரலோடு, அதில் நிகழ்த்துகலைக்கும் ஊடகத்திற்கும் முழுத் துறைகள் வேண்டும் என்ற கோரிக்கையும் சேர வேண்டும். நிலையான ஆசிரியர் பணியிடங்கள், தமிழ், வங்காளம், நிக்கோபாரி மொழிகளில் அரங்கேற்றம், கச்சாலிலிருந்து வரும் பிள்ளைக்குக் கட்டணமில்லா விடுதி ஆகியவற்றை அக்கோரிக்கை பெயர் சுட்டிக் கேட்க வேண்டும்.