முருகன் மேல பழியைப் போடாதீங்க

தைப்பூச வேலையெல்லாம் முடிஞ்சு, பந்தல் பிரிச்சு, அண்டா குண்டாவைக் கழுவிக் கவிழ்த்து நாலு நாள்தான் ஆகுது. அதுக்குள்ள நம்ம ஆலயப் புலனக் குழுவில சண்டை ஆரம்பிச்சாச்சு. பதிவு கொஞ்சம் நீளம்தான். பழனிப் பயணத்துக்குப் பணம் கட்டின குடும்பங்கள் கண்டிப்பா முழுசாப் படிங்க.

விஷயம் தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்றோம். இந்த வருஷம் பங்குனி உத்திரம் ஏப்ரல் 1. நம்ம ஆலயத்திலிருந்து 34 பேர் பழனிக்குப் போறதா ஏற்பாடு. மார்ச் 30 காலை கோலாலம்பூர்ல ஏறி திருச்சியில இறங்கி, மறுநாள் கொடுமுடிக்குப் போய் காவிரித் தீர்த்தம் எடுத்து, உத்திரத்தன்னைக்கு மலையேறணும். போன வருஷம் ஆகஸ்ட் மாசமே ஆளுக்கு 780 ரிங்கிட் கட்டியாச்சு. இப்ப அந்த மார்ச் 30 காலை விமானமே அட்டவணையில இல்ல. "உங்கள் பயணம் ஏப்ரல் 1 இரவுக்கு மாற்றப்பட்டுள்ளது" என்று ஒரு மின்னஞ்சல். ஏப்ரல் 1 இரவு திருச்சியில இறங்கி, பஸ் பிடிச்சு மூணு மணி நேரத்துக்கு மேல ஓடி, பழனிக்குப் போய் யாரைப் பார்க்க? உத்திரம் முடிஞ்சு, தேர் நிலைக்கு வந்து, கடைக்காரங்க கூட்டிப் பெருக்கிட்டு இருப்பாங்க.

இதைக் கேட்டு நம்ம குழுவில வந்த பதில்கள் இரண்டு விதம். பெரியவங்க சிலர், "முருகன் இந்த வருஷம் கூப்பிடல, அதான் தட்டிப் போகுது, அவன் சித்தம்" என்று எழுதினாங்க. இளைஞர் சிலர் இன்னொரு பக்கம், "இது இந்துக்களுக்கு எதிரான சதி, வேணும்னே நம்ம விழாவைப் பார்த்து வெட்டுறாங்க, எல்லாருக்கும் ஷேர் பண்ணுங்க" என்று சிவப்பு எழுத்துல படம் போட்டு அனுப்பினாங்க. இரண்டுமே தப்புன்னு தொண்டூழியர்கள் நாங்க பகிரங்கமா சொல்றோம். விமான நிறுவனத்துல அட்டவணை போடுற அதிகாரி செஞ்ச வேலைக்கு ஒரு கூட்டம் முருகனைப் பொறுப்பாக்குது, இன்னொரு கூட்டம் இல்லாத சதிகாரனைப் பொறுப்பாக்குது. பணத்தை வாங்கினவனை மட்டும் யாரும் கேள்வி கேட்கல.

முதல்ல சதின்னு சொல்ற தம்பிகளுக்கு. உலகம் முழுக்க விமான அட்டவணை வருஷத்துக்கு இரண்டு தடவை மாறும். மார்ச் மாசத்துக் கடைசி ஞாயிறு கோடைக்கால அட்டவணை தொடங்கும், அக்டோபர் மாசத்துக் கடைசி ஞாயிறு குளிர்கால அட்டவணை தொடங்கும். இந்த வருஷம் மார்ச் 29. உத்திரம் வர்றது அதுக்கு மூணு நாள் கழிச்சு. அதாவது நம்ம பயணம் சரியா அந்த மாற்றத்துக்கு மேலயே உட்கார்ந்திருக்கு. எந்த விமானம் எந்த நிலையத்துல எத்தனை மணிக்கு இறங்கலாம், எத்தனை மணிக்கு ஏறலாம் என்கிற நேர ஒதுக்கீட்டை வச்சு நிறுவனங்கள் பேரம் பேசுற உலக மாநாடு கோடைக்கால அட்டவணைக்கு முந்தின நவம்பர்லதான் நடக்கும். நாம பணம் கட்டினது ஆகஸ்ட்ல. கையில உறுதியில்லாத நேரத்தை விற்றாங்க, நாம வாங்கினோம். கோபப்படணும்னா இந்த இடத்துலதான் கோபப்படணும். சதி தேடி அலைய வேண்டியதில்ல.

இன்னொரு கணக்கும் பாருங்க. கோலாலம்பூர்லேர்ந்து திருச்சிக்குப் போக ஏறக்குறைய நாலு மணி நேரம், திரும்பி வர நாலு மணி நேரம், நடுவுல ஆள் இறக்கி ஏத்துறது ஒரு மணி நேரம். ஒரு நடைக்கு ஒன்பது மணி நேரம் அந்த விமானம் நமக்கே போயிடுது. அதே நேரத்துல அதே விமானம் புக்கெட்டுக்கு இரண்டு தடவை போய்ட்டு வந்துடும். பள்ளி விடுமுறை, பெருநாள், சீனப் புத்தாண்டுன்னு எங்க சீட்டு நல்ல விலைக்குப் போகுதோ அங்க விமானத்தைத் திருப்பி விடுவாங்க. அவங்க சாமி பார்த்து வெட்டல, காசு பார்த்து வெட்டுறாங்க.

திருச்சி விமானத்துல ஏறிப் பார்த்தவங்களுக்கு இன்னொண்ணும் தெரியும். முன்னெல்லாம் அது நம்ம விமானம் மாதிரி இருந்துச்சு. ஏர்ஏஷியா இந்தியாவுக்கு முதன்முதலா பறந்ததே திருச்சிக்குத்தான், 2008 டிசம்பர்ல. பிறகு மலிண்டோவும் வந்துச்சு, அதுக்கு இப்ப பேத்திக் ஏர்னு பேரு. வேட்டி, பூப்பை, தைல டப்பா, மைலோ பாக்கெட்டுன்னு முழு விமானமும் நம்ம ஆளுங்க. இப்ப அப்படி இல்ல. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு மலேசியா விசா வேண்டாம்னு ஆனதுக்கப்புறம் அங்கிருந்து சுற்றுலா வர்ற கூட்டம் பெருகிப் போச்சு. அதுலயும் சிலர் இங்க தங்குறதே இல்ல, கோலாலம்பூர்ல மாறி பாலி, பேங்காக், வியட்நாம்னு போறாங்க. அவங்களுக்கு அடுத்த விமானம் பிடிக்கத் தோதா எந்த நேரம் வேணுமோ, அந்த நேரத்துக்குத்தான் திருச்சி விமானத்தை வைப்பாங்க. நம்ம கொடுமுடித் தீர்த்தம் அவங்க கணக்குப் புத்தகத்துல எந்தப் பக்கத்துலயும் இல்ல.

"அப்ப மதுரைக்கு விட்டா என்ன, பழனி பக்கம்தானே" என்று கேட்கிறாங்க. நல்ல கேள்விதான். ஆனா ஒரு நாட்டு விமானம் இன்னொரு நாட்டுல எந்தெந்த ஊர்ல இறங்கலாம்னு இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டிருக்கு. மலேசியாவோட பட்டியல்ல மதுரையைச் சேர்க்கணும்னு அங்குள்ள மக்களே பல வருஷமாக் கேட்டுக்கிட்டு இருக்காங்க. திருச்சியிலயும் 2024-ல புது முனையம் பளபளன்னு திறந்தாங்க, ஓடுபாதையை நீட்டுறதுக்கு நிலம் எடுக்கிற கதை மட்டும் இழுத்துக்கிட்டே போகுது. பெரிய விமானம் வந்தா ஒரே நடையில நிறையப் பேர் போகலாம், அதுக்கும் இப்போதைக்கு வழி இல்ல. இதையெல்லாம் நம்ம ஆலயத் தலைவர் ஒரு மனு எழுதி, ஒரு அரசியல்வாதி கையில கொடுத்து, சால்வை போட்டுப் படம் எடுத்தாத் தீர்ந்திடாது. படம் மட்டும் நல்லா வரும்.

"ஹஜ்ஜுக்கு மட்டும் தனி விமானம் போகுதே" என்று குழுவில ஒருத்தர் எழுதினதைப் பார்த்தோம். அதையும் மறைக்காமப் பேசிடுவோம். அது வாடகைக்கு எடுக்கிற விமானம். தாபோங் ஹாஜி 1963-லேர்ந்து மக்கள்கிட்ட மாசாமாசம் சேமிப்பு வாங்கி, முன்கூட்டியே ஆள் எண்ணிக்கை சொல்லி ஏற்பாடு செய்யுது. அவங்க சேர்ந்து சேமிச்சாங்க, விமானத்தை எடுக்கிறாங்க. அதுல நமக்கு வயிற்றெரிச்சல் எதுக்கு? ஒரு சாதாரண விமானத்துக்கு 180 சீட்டு. நம்ம வட்டாரத்துல இருக்கிற ஆலயங்கள் நாலஞ்சு சேர்ந்தா 180 பேர் தேற மாட்டாங்களா? தேறுவாங்க. ஆனா உபயத்துல யார் பேர் முதல்ல போடுறதுங்கிறதுக்கே ஒரு வருஷம் பேசாம இருக்கிற நிர்வாகங்கள் எப்படிச் சேர்ந்து விமானம் எடுக்கும்? இந்தக் கேள்வியை வர்ற ஆண்டுக் கூட்டத்துல நாங்க எழுத்துல கொடுக்கப் போறோம்.

இப்ப "அவன் சித்தம்"னு சொல்ற பெரியவங்களுக்கு. உங்க பக்தியைப் பத்திப் பேச எங்களுக்குத் தகுதி இல்லைங்க. ஆனா அந்த 34 பேர்ல பள்ளிக்கூடத்துல கூட்டிப் பெருக்கி, இரண்டு வருஷம் சேர்த்து வச்சுக் கட்டின பாட்டி ஒருத்தர் இருக்காங்க. மொத்தம் 26,520 ரிங்கிட் அந்த நிறுவனத்துகிட்ட ஆறு மாசமா இருக்கு. அதை அவன் சித்தம்னு விட்டுட்டா அந்தப் பணம் முருகன் உண்டியலுக்குப் போகாது. இப்ப அதே வாரத்துக்கு வேற விமானம் பார்த்தா 1,400 ரிங்கிட்டுக்கு மேல காட்டுது. பாட்டி மீதிக்கு எங்க போவாங்க?

எங்க ஃபேக்டரியில ஷிப்ட் மாத்தணும்னாக்கூட நேரா ஆளைக் கூப்பிட்டுச் சொல்லணும், சும்மா போர்டுல ஒட்டிட்டுப் போனா சூப்பர்வைசரைத்தான் கேள்வி கேட்பாங்க. இங்க ஜனவரியிலேயே மின்னஞ்சல் போட்டிருக்காங்க, அதுவும் ஏஜண்டோட முகவரிக்கு மட்டும். பயணம் போற 34 பேர்ல ஒருத்தருக்கும் நேரா ஒரு குறுஞ்செய்தி இல்ல. ஏஜண்ட் தைப்பூச நேரத்துல நூறு மின்னஞ்சலுக்கு நடுவுல அதைப் பார்க்கவே இல்ல. அந்த மின்னஞ்சல்லயும் "ஒப்புக்கொள்கிறேன்" பட்டன் பெருசா பச்சையா இருக்கு. அதுக்குக் கீழே, அடுத்த பயணத்துக்குக் கழிச்சுக்கிற மாதிரி கணக்குல வரவு வைக்கிறோம்னு இருக்கு. பணத்தைத் திருப்பித் தர்றோம்கிற வரி எங்கன்னு தேடிக் கண்டுபிடிக்க எங்க பையனுங்களுக்கே பத்து நிமிஷம் ஆச்சு.

சட்டம் என்ன சொல்லுது? மலேசிய விமானப் பயணப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதி 2016-லேர்ந்து இருக்கு. விமானம் ரத்தானா வேற விமானமா, பணமா என்று தேர்ந்தெடுக்கிற உரிமை பயணிக்குத்தான். 2024 செப்டம்பர் 2-லேர்ந்து விதியை இன்னும் இறுக்கியிருக்காங்க. அஞ்சு மணி நேரமோ அதுக்கு மேலயோ தாமதமானாக்கூட பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். எப்படிக் கட்டினோமோ அதே வழியில 30 நாளுக்குள்ள திரும்பி வரணும், கார்டுல கட்டினா கார்டுக்கு. வரவுக் கணக்குல போட்டுட்டேன், பற்றுச்சீட்டு வச்சுக்கோங்கன்னு அவங்க இஷ்டத்துக்குத் தள்ளிவிட முடியாது. மார்ச் 30 விமானத்தை எடுத்துட்டு ஏப்ரல் 1-க்குப் போடுறதை "சிறிய நேர மாற்றம்"னு எழுதியிருக்காங்க. இரண்டு நாள் கழிச்சு வேற விமானம்னா பழைய விமானம் ரத்துன்னுதான் அர்த்தம். புகாரை முதல்ல நிறுவனத்துக்கு எழுத்துல கொடுக்கணும். அவங்க சரியா முடிக்கலன்னா மலேசியப் பொது விமானப் போக்குவரத்து ஆணையம், சிஏஏஎம். போன வருஷம் ஆகஸ்ட் 1-லேர்ந்து மாவ்காம் வேலையையும் அவங்கதான் பார்க்கிறாங்க.

விமானத்தை மாத்தவே கூடாதுன்னு நாங்க சொல்லல. அது அவங்க தொழில். அந்தக் காலத்துல பினாங்குலேர்ந்து நாகப்பட்டினத்துக்கு ரஜுலா, சிதம்பரம்னு கப்பல் போச்சு. சிதம்பரம் 1985-ல தீப்பிடிச்சதோட அந்த வழியே நின்னு போச்சு. நம்ம அப்பா அம்மா அழுதுட்டு உட்காரல, வேற வழி தேடினாங்க. வழி மாறும். ஆனா மாத்தினதுக்கான நஷ்டத்தை மாத்தினவன் ஏத்துக்கணும். நம்ம பாட்டி தலையில கட்டக் கூடாது. அதுலயும் "அவன் சித்தம்"னு நாமளே மூட்டையைத் தூக்கி வச்சு விடக் கூடாது.

இனிமே ஆலயம் ஏற்பாடு பண்ற எந்தப் பயணத்துலயும் ஒவ்வொருத்தர் டிக்கெட்லயும் அவங்கவங்க கைத்தொலைபேசி எண்ணும், வீட்டுல ஒரு பிள்ளையோட மின்னஞ்சலும் இருக்கணும்னு நாங்க முடிவு பண்ணியிருக்கோம். ஏஜண்ட் ஒத்துக்கலன்னா ஏஜண்டை மாத்துவோம்.

இப்ப அவசரமான விஷயம். 34 பேர்ல யாரும் அந்தப் பச்சைப் பட்டனை அமுக்காதீங்க. ஏஜண்டுகிட்டயும் சொல்லியாச்சு. வர்ற வெள்ளிக்கிழமை இரவுப் பூஜை முடிஞ்சு மண்டபத்துல மேசை போட்டு உட்கார்ந்திருப்போம். கடப்பிதழ், டிக்கெட் நகல், பணம் கட்டின ரசீது, வங்கி அட்டையில கட்டியிருந்தா அந்த மாசத்து அறிக்கை, இது நாலும் எடுத்துட்டு வாங்க. படிவத்தை எங்க பிள்ளைங்க நிரப்பித் தருவாங்க, நீங்க படிச்சுப் பார்த்துட்டு அனுப்பலாம். பணத்தை வாங்கிட்டு சென்னை வழியாப் போய் இரவு ரயில்ல பழனி போறதுக்கு எத்தனை பேர் தயார்னும் அன்னைக்கே கேட்டுக்குவோம். பாட்டிக்கு மீதிப் பணம் எவ்வளவு தேவைப்படுதுன்னு பார்த்து நாங்க தொண்டூழியர்கள் பகிர்ந்துக்கிறதா பேசியிருக்கோம். அது வரைக்கும் அந்தச் சிவப்பு எழுத்துப் படத்தை யாரும் ஷேர் பண்ண வேண்டாம்.