இரண்டாவது ஜோடி பூட்ஸ்

கேமரன் மலையில் மழை இல்லாத மாதம் என்று ஒன்று கிடையாது. திரிங்காப்பின் காய்கறித் தோட்டங்களிலும் அக்கம்பக்கத்துத் தேயிலைச் சரிவுகளிலும் வேலை செய்கிறவர்கள் காலையில் போடும் ரப்பர் பூட்ஸை வேலை முடிந்த பிறகுதான் கழற்றுகிறார்கள். உள்ளே மழைநீர் இறங்கியிருந்தாலும், வியர்வையே காலுறையை நனைத்திருந்தாலும் அப்படித்தான். சேற்றுப்புண், விரலிடுக்கு அரிப்பு, பித்தவெடிப்பு, குதிகால் வலி, நரம்புச் சுருட்டல் என்று அந்தக் கால்களுக்கு வருபவை பல. நாம் செய்யும் வைத்தியமோ ஒன்றே ஒன்று: கடையில் ஒரு களிம்பு, படுக்கும்போது கொஞ்சம் தைலம். மருந்து தேவைதான். ஆனால் ஈரத்தில் நிற்கும் காலுக்கு முதல் சிகிச்சை, மறுநாள் காலையில் போட்டுக்கொள்ள உலர்ந்த பூட்ஸ் ஒன்று இருப்பதுதான். அந்தப் பூட்ஸுக்குத் தோட்ட நிர்வாகம் பொறுப்பேற்க வேண்டும்.

‘தாத்தா, பாட்டி எல்லாம் வெறுங்காலோடுதானே மலை ஏறினார்கள், அவர்களுக்கு என்ன ஆயிற்று?’ என்று கேட்பவர்கள் உண்டு. நிறையவே ஆயிற்று. மண்ணில் இருக்கும் கொக்கிப்புழுக் குஞ்சு தோலைத் துளைத்துக்கொண்டே உடம்புக்குள் போகிறது என்பதை 1898-ல் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஆய்வாளர் கண்டார். காலில் ஒரு நமைச்சலோடு நுழைவது, நுரையீரல் வழியாகக் குடலுக்குப் போய் அங்கேயே தங்கி இரத்தம் உறிஞ்சும். இலங்கைத் தோட்டங்களில் இந்தப் புழுவை ஒழிக்க ராக்ஃபெல்லர் அறக்கட்டளை 1916-ல் தனி இயக்கமே நடத்தியது. தோட்டத் தமிழர்களின் வெளுத்த முகத்துக்கும் மூச்சிரைப்புக்கும் சோம்பேறிப் பட்டத்துக்கும் பின்னால் இந்தச் சோகை இருந்தது. கழிப்பறையும் புழு மருந்தும் காலணியும் சேர்ந்துதான் அதைக் குறைத்தன. ஆகவே பூட்ஸ் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. அட்டைக்கும் முள்ளுக்கும் அரிவாளுக்கும் பூச்சிமருந்துக்கும் நடுவே நிற்கிற காலுக்கு அது கட்டாயம் வேண்டும்.

ஆனால் தண்ணீரை உள்ளே விடாத ரப்பர், உள்ளே போன தண்ணீரை வெளியேயும் விடாது. வியட்நாம் போரில் நெல்வயல்களில் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து நனைந்த காலோடு நடந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் பாதத் தோல் ஊறி வெளுத்து, வீங்கி, நடக்கவே முடியாமல் போனது. இரவில் கால் நன்றாகக் காய்ந்தவர்களுக்கு அந்தத் தொல்லை குறைவாக இருந்தது. பாதிப்பு மொத்த நேரத்தால் அல்ல, இடைவெளி இல்லாத ஈரத்தால் வந்தது என்பதே இதன் பாடம். ஊறிய தோலில் பூஞ்சை எளிதாகப் பிடிக்கும், வெடிப்பு வழியாகக் கிருமி நுழையும், கணுக்கால்வரை சிவந்து காய்ச்சலும் வரும். பூஞ்சைக் களிம்பை மருத்துவர் சொன்ன நாள்வரை, அரிப்பு நின்ற பிறகும், பூச வேண்டும். ஸ்டீராய்டு கலந்த களிம்புதான் ஆபத்து. இரண்டே நாளில் அரிப்பை அடக்கிவிடும். பூஞ்சையோ அடியில் பரவிக்கொண்டே இருக்கும். எந்தக் களிம்பானாலும், பூசிய காலை மறுபடி நனைந்த பூட்ஸுக்குள் விட்டால் பலன் நிற்காது.

சரிவில் நாள் முழுக்க நிற்பதன் விளைவுகள் வேறு. காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் குத்துகிற குதிகால் வலிக்குக் கெண்டைக்காலையும் பாதத்தையும் நீட்டும் பயிற்சியும் மெத்தென்ற அடித்தளமும் போதும். பெரும்பாலானோருக்குச் சில மாதங்களில் தணிந்துவிடும். நரம்புச் சுருட்டலுக்குக் காலை உயர்த்தி வைப்பதும் அழுத்தக் காலுறையும் உதவும். இரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று சோதித்த பிறகே அந்தக் காலுறையைப் போட வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடாக வலித்தால் எண்ணெய் தேய்க்காதீர்கள். தானா ராத்தா மருத்துவமனைக்கு அன்றைக்கே போங்கள்.

எனக்கு அதிகக் கவலை தருவது, நீரிழிவால் உணர்ச்சி மரத்து வலிக்காமல் போன கால். 2019-ல் எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி மலேசியாவில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு; இந்தியர்களிடையே அந்த விழுக்காடு மற்றவர்களைவிட அதிகம். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தானாக அழுகவில்லை, வலி தெரியாததால் படும் காயங்களால்தான் அழிகின்றன என்று நிறுவினார். மென்மையான எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்பு அவருடைய பணியிலிருந்து பரவியது. நீரிழிவில் உணர்ச்சி மரத்த காலுக்கும் இதே நியாயம்தான். பூட்ஸுக்குள் கிடக்கும் ஒரு சிறு கல் மாலைவரை உறுத்தாமலே புண் ஆக்கும். மலைக் குளிருக்கு இதமாகக் காலை வெந்நீரில் வைத்தால், சூடு தெரியாமலே தோல் வெந்துவிடும். தினமும் பாதத்தின் அடியைப் பார்ப்பது, போடும் முன் பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டுவது, ஆண்டுக்கு ஒருமுறை கிளினிக்கில் உணர்ச்சிச் சோதனை செய்வது ஆகிய மூன்றும் எந்தப் புண் மருந்தையும்விடப் பெரியவை.

‘இதற்கெல்லாம் செலவு யார் செய்வது, இன்று வேலை செய்கிறவர்களில் பாதிப்பேர் வங்காளதேசத்திலும் நேப்பாளத்திலும் இருந்து வந்து சில வருடங்களில் போகிறவர்கள்தானே’ என்பார்கள். போகிறவருக்கும் கால் கால்தான். சட்டமும் அவர்களைப் பிரிக்கவில்லை. 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு, அச்சட்டத்தின்படி செய்யும் அல்லது தரும் எதற்கும் தொழிலாளியிடம் பணம் பிடிக்கக் கூடாது என்கிறது. வெளிநாட்டுத் தொழிலாளர்களும் 2019 முதல் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலைக் காயத் திட்டத்தில் இருக்கிறார்கள். கால் புண்ணால் சில நாள் வேலை இழப்பதைவிட ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் நிர்வாகத்துக்கு மலிவு. இரண்டு ஜோடி இருந்தால் ஒன்று காயும்போது மற்றொன்று வேலைக்குப் போகும். மழைமலையில் எங்கே காயும் என்று கேட்டால், கொழுந்தைச் சூடான காற்றில் உலர்த்தத் தெரிந்த தோட்டங்களுக்குத் தொழிற்சாலைக்கு வெளியே பூட்ஸ் உலர ஒரு கொட்டகை போடுவது பெரிய காரியம் இல்லை. தோட்ட நிர்வாகங்களும் காய்கறிப் பண்ணை முதலாளிகளும் அடுத்த முறை பூட்ஸ் வாங்கும்போது ஆளுக்கு இரண்டு ஜோடி வாங்குங்கள். கொடுத்த பூட்ஸுக்குச் சம்பளத்தில் பணம் பிடிக்கிறார்கள் என்றால், தொழிலாளர்களே, மனிதவள அமைச்சின் கீழுள்ள வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையின் (டோஷ்) அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.