எட்டு மணியும் பன்னிரண்டு மணியும்

2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ந் தேதி தமிழ்நாடு சட்டசபையில் ஒரு மசோதா நிறைவேறிற்று. தொழிற்சாலைகளில் தினசரி வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணிவரை நீட்டிக்க அது இடங்கொடுத்தது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன; ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே எதிர்த்து நின்றன. பத்து நாட்களுக்குள், மே தினத்தன்று, மசோதா வாபஸ் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். ஜனசக்தியின் முன் சர்க்கார் பணிந்தது கண்டு தொழிலாளர் மகிழ்ந்தது முற்றிலும் நியாயமே. ஆயினும், சட்டசபையில் நாம் துரத்தியடித்த பன்னிரண்டு மணி நேரம், எந்தச் சட்டத்தின் துணையும் இன்றி, தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூரில் வீட்டுக்கு வீடு குடிபுகுந்திருப்பதை நம்மவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

முடிச்சூரில் வசித்துப் பாரிமுனையில் உத்தியோகம் பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து தாம்பரம் ஸ்டேஷனை அடைய அரைமணி. வண்டிக்குக் காத்திருக்கப் பத்து நிமிஷம். கடற்கரை ஸ்டேஷன்வரை ரயிலில் ஒரு மணிக்குச் சற்றுக் குறைவு. அங்கிருந்து காரியாலயத்துக்கு நடை. ஆக, போக ஒன்றேமுக்கால் மணி, வர ஒன்றேமுக்கால் மணி. எட்டு மணி வேலையையும் ஒரு மணி இடைவேளையையும் கூட்டினால் பன்னிரண்டரை மணியாகிறது. மசோதா கேட்டதைவிட அரைமணி அதிகம்! இதற்குக் கூலியுமில்லை, ஓவர்டைமும் இல்லை.

எட்டு மணி நேர வேலை என்பது வானத்திலிருந்து விழுந்த வரமன்று. 1918-ல் வாடியாவும் திரு. வி. க.வும் முன்னின்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தை நிறுவியதும், 1923-ல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினக் கொடி ஏற்றியதும் அந்தப் போராட்டத்தின் படிகள். உழைப்புக்கு எட்டு மணி, உறக்கத்துக்கு எட்டு மணி, மனிதன் மனிதனாக வாழ எட்டு மணி என்பதே அவர்கள் கேட்ட பங்கீடு. ஆலை முதலாளியிடமிருந்து மீட்ட அந்த மூன்றாவது எட்டு மணியைத்தான் இன்று பாதை விழுங்குகிறது.

பாதையையே குற்றஞ் சொல்லுவதும் தகாது. 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியதால், நகரத்தின் நெருக்கடியில் மூச்சு முட்டிய குடும்பங்கள் கிணறும் தென்னையும் உள்ள மனைகளுக்குப் போக முடிந்தது. இன்றும் சுமார் 29 கிலோமீட்டர் தூரத்தைப் பத்து ரூபாய் டிக்கெட்டில் கடக்கலாம். இவ்வளவு மலிவான சேவை ஏழை மக்களுக்குப் பேருதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் கட்டணம் மலிவு என்பதனாலேயே பிரயாணம் மலிவு என்று கொள்வது கணக்கில் பிழை.

கணக்கைச் சற்று விரித்துப் பார்ப்போம். மாதம் 30,000 ரூபாய் சம்பளம். 25 நாள், நாளுக்கு எட்டு மணி. அதாவது மணிக்கு 150 ரூபாய். நகருக்குள் குடியிருந்தாலும் போக்குவரவுக்குத் தினம் ஒரு மணி ஆகும் என்று வைத்துக்கொண்டால், முடிச்சூர்வாசி அதற்குமேல் செலவிடுவது தினம் இரண்டரை மணி, மாதத்துக்கு 62½ மணி. வாடகையில் அவருக்கு 6,500 ரூபாய் மிச்சம், பெட்ரோல், வண்டி நிறுத்தக் கட்டணம், தேநீர் ஆகியவற்றுக்கு 1,500 ரூபாய் அதிகச் செலவு என்றால், நிகர லாபம் 5,000 ரூபாய். மணிக்கு 80 ரூபாய்தான் தேறுகிறது! காரியாலயத்துக்கு 150 ரூபாய்க்கு விற்கும் பொழுதை, அவர் ரயிலுக்கு ஏறக்குறையப் பாதி விலைக்கு விற்கிறார். இந்த உதாரணத்தில் லாபம் 9,400 ரூபாயை எட்டினாலன்றி வியாபாரம் சமமாகாது. இவை நாம் வைத்துக்கொண்ட தொகைகள். ஒவ்வொருவரும் தத்தம் தொகையைப் போட்டுப் பார்க்கலாம்.

"அந்த 62½ மணியை வேறு யார் விலைக்கு வாங்கப் போகிறார்கள்?" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான், அதை வாங்க எந்த முதலாளியும் வரமாட்டார். ஆனால் மகனுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதற்கும், வயோதிகத் தாயாருக்குத் துணையாக இருப்பதற்கும், சங்கக் கூட்டத்துக்குப் போவதற்கும், தூங்குவதற்குமான பொழுது அதுவே. சந்தையில் விலை இல்லாத பொருளுக்கு மதிப்பே இல்லை என்று நினைப்பது பெரும் பிசகு. புருனோ ஃப்ரே, அலாய்ஸ் ஸ்டட்சர் என்ற பொருளாதார நிபுணர் இருவர், ஜெர்மானியக் குடும்பங்களைப் பற்றிய விவரங்களை ஆராய்ந்து 2008-ல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நீண்ட பிரயாணம் செய்வோர், அதற்கு ஈடாகச் சம்பளத்திலோ வீட்டிலோ போதிய லாபம் பெறுவதில்லை. வாழ்க்கையில் அவர்களுக்குள்ள திருப்தி குறைவாகவே இருக்கிறது என்பது அவர்களது முடிவு. லாபத்தை முன்கூட்டியே கணக்கிடும் மனிதன், அலுப்பை மட்டும் அனுபவித்த பிறகே அறிகிறான்.

அலுப்போடு போவதுமில்லை. 2018 ஜூலை 24-ந் தேதி காலை, பரங்கிமலை ஸ்டேஷனில், நெரிசலால் ரயில் படியில் தொங்கிச் சென்றவர்கள் தண்டவாள ஓரத்துக் கான்கிரீட் தடுப்பில் மோதி உயிரிழந்தார்கள். அவர்கள் வேடிக்கைக்காகத் தொங்கியவர்களல்லர். குறித்த நேரத்தில் வேலைக்குப் போக வேண்டியவர்கள். வேலைக்குப் போகும் வழியும் வேலையின் ஒரு பகுதியே என்பதைச் சட்டம் மெல்ல மெல்ல ஒப்புக்கொண்டு வருகிறது. தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டத்துக்கு 2010-ல் செய்த திருத்தம், வீட்டுக்கும் வேலைத்தலத்துக்கும் இடையே நேரும் விபத்தை, வேலையோடு தொடர்பு இருக்குமாயின், வேலையில் நேர்ந்ததாகவே கொள்ள வேண்டும் என்றது. சாவுக்கு நஷ்டஈடு தர அந்தப் பாதை வேலையைச் சேர்ந்ததென்றால், உயிரோடிருக்கும் நாளில் அது யாரைச் சேர்ந்தது?

இன்னொரு செலவும் உண்டு. புறநகர் மனை மலிவாக இருப்பதற்குத் தூரம் மட்டுமே காரணமன்று. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் சூழ்ந்துகொண்டபோது, படகில் ஏறித் தப்பியவர்கள் அதை அறிவார்கள். ஏரியும் வாய்க்காலும் இருந்த பூமியில் மனை வாங்குகிறவன், விலையில் மிச்சம் பிடித்ததை ஒரு மழையில் இழக்கக் கூடும்.

அப்படியானால் முடிச்சூர் வாழ்க்கை தகாது என்பதா நம் முடிவு? அன்று. சொந்த வீடு, மனைவிக்கு அருகில் வேலை, குழந்தைகளுக்குப் பழகிய பள்ளி என்ற பலங்கள் சேர்ந்தால் தராசு மறுபக்கம் சாயலாம். தீர்மானிக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்கிறோம். முதலாவது, லாபத்தைப் பொழுதால் வகுத்தால் மணிக்கு என்ன விழுகிறது? இரண்டாவது, இது இரண்டொரு வருஷத்து ஏற்பாடா, ஆயுட்கால ஏற்பாடா? இளமையில் தாங்கும் உடம்பு ஐம்பதில் தாங்காது. மூன்றாவது, சுமை யார் தலையில்? கணவன் ஆறரை மணிக்குப் புறப்பட மனைவி நாலரைக்கு எழுந்திருக்க வேண்டுமென்றால், அவளும் வேலைக்குப் போகிறவளானால், அந்த வீட்டில் இரண்டு பேருடைய நாள் தேய்கிறது. கணக்குப் போடும்போது ஆண்கள் தங்கள் பிரயாணத்தை மட்டும் எழுதிக்கொள்வது வழக்கம்.

ஆனால் தனிமனிதன் தீர்மானத்தால் தீருகிற விஷயமன்று இது. எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் போகும்படி காரியாலயங்களை வைத்துவிட்டுப் பிறகு நெரிசலைப் பற்றி வருந்துவது வீண். 2020-ல் தொற்றுநோய்க் காலத்தில், பல உத்தியோகங்களை வீட்டிலிருந்தே செய்ய முடியும் என்று நிரூபணமாயிற்று. அந்தப் பாடத்தை அதிகாரிகள் ஏன் மறக்க வேண்டும்? காரியாலய நேரத்தை மாற்றி மாற்றி அமைக்கலாம். சர்க்கார் காரியாலயங்களில் சிலவற்றைத் தெற்கே கொண்டுவரலாம். முடிச்சூர் போன்ற ஊர்களிலிருந்து ரயிலடிக்கு அடிக்கடி சிறு பஸ்களை ஓட்டலாம். 2023 டிசம்பர் 30-ந் தேதி கிளாம்பாக்கத்தில் பெரிய பஸ் நிலையத்தைத் திறந்தபோது, அதன் பக்கத்தில் ரயிலடியும் இல்லை, மெட்ரோவும் இல்லை. கட்டடம் முன்னே, வழி பின்னே என்ற இந்த முறை இனியாவது மாற வேண்டும்.

தொழிற்சங்கத்தாருக்கு நமது விண்ணப்பம் ஒன்று. சம்பளத்தையும் போனஸையும் பேசும் மேஜையில் பாதையின் மணிகளையும் வையுங்கள். பன்னிரண்டு மணி மசோதாவைப் பத்தே நாளில் திருப்பி அனுப்பிய சக்தி உங்களிடம் இருக்கிறது. அந்த மசோதா இன்று சட்டப் புத்தகத்தில் இல்லை; ஆனால் தினமும் காலையில் தாம்பரம் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருக்கிறது.